இங்கிலீஷில் செத்துப்போன மாமா

பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இரண்டாம் தாளில் ஆள் சாகாத வருஷமே கிடையாது. ஒரு வருஷம் குடிசைகள் தீப்பிடித்து எரியும், மறு வருஷம் ஆற்றில் வெள்ளம் வரும், அதற்கடுத்த வருஷம் பஸ்ஸும் லாரியும் மோதிக்கொள்ளும். நீதான் நிருபர், நாளிதழுக்குச் செய்தி எழுது என்று கேட்டிருப்பார்கள். பத்து மார்க். அந்தப் பத்து மார்க்குக்காகத் திருச்சி ஜில்லாவில் மட்டும் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று யாராவது கணக்கெடுத்திருந்தால் போலீஸ்காரர்களே மிரண்டு போயிருப்பார்கள்.

விக்கிரமங்கலத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுத்தவர் சிவசுப்பிரமணியன் சார். பிள்ளைகளின் ஆங்கிலம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் சொந்தமாக எழுதும் வம்பே வேண்டாம் என்று ஒரு விபத்தைத் தானே எழுதிக் கரும்பலகையில் போட்டு எல்லோரையும் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். பஸ்ஸும் லாரியும் நேருக்கு நேர் மோதின, லாரி டிரைவர் அதே இடத்தில் மரணம், பயணிகள் பலருக்குக் காயம், போலீசார் விசாரணை. ஊர்ப் பெயருக்கும், செத்தவர் பெயருக்கும், அவர் வயதுக்கும் மட்டும் கோடு போட்டு இடம் விட்டிருந்தார்.

மாதிரித் தேர்வில் வகுப்பு மொத்தமும் அந்த இடத்தில் ராமு என்று எழுதி வைத்தது. சாருக்கு வந்த கோபத்தில் விடைத்தாள் கட்டையே மேசையில் ஓங்கி அடித்தார்.

"ஏன்டா, ஊருல ராமுவ வுட்டா சாவறதுக்கு ஆளே இல்லியா? பேப்பர் திருத்துறவரு என்னா நெனைப்பாரு? ஒரே ஆளப் பாத்து அத்தன பேரும் காப்பியடிச்சிருக்கான்னு நெனைக்க மாட்டாரு? ஆளுக்கு ஒரு பேரு போடுங்க. தெரிஞ்ச பேரா போடுங்க, அப்பத்தான் பரீட்சையில நிக்காம கை ஓடும்."

நல்ல யோசனைதான். ஆனால் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குத் தெரிந்த பெயர் எது என்பதை அவர் யோசிக்கவில்லை. வாத்தியார்கள் எதைத்தான் முழுசாக யோசிக்கிறார்கள்!

ஏப்ரல் மாத வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில், அரியலூரில் பரீட்சை எழுதிவிட்டு மலர்கொடி வெளியே வந்தாள். மனசு லேசாக இருந்தது. விபத்து வந்திருந்தது, சார் சொன்ன அதே விபத்து. ஒரு வரி விடாமல் எழுதியிருந்தாள். வாசல் புங்க மரத்தடியில் ஆண்டாயி நின்றுகொண்டிருந்தாள். ஆண்டாயியும் இவளும் ஒரே ஊர், ஒரே பெஞ்சு.

"ஏ மலரு, நீ யாரடி போட்டு வுட்ட? நான் எங்க தெரு நாட்டாமையப் போட்டுட்டேன். அறுபத்தெட்டு வயசு. லாரி டிரைவர்னு எழுதறப்ப சிரிப்ப அடக்க முடியல."

மலர்கொடியும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

அவளுக்குத் தெரிந்த லாரி டிரைவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவள் அம்மாவின் தம்பி முருகையன். வயது இருபத்தெட்டு. அந்த இடத்துக்கு வந்தபோது பேனா ஒரு கணம்கூட நிற்கவில்லை; சார் சொன்ன மாதிரியே கை ஓடிவிட்டது. லாரி டிரைவர் முருகையன், வயது இருபத்தெட்டு, அதே இடத்தில் மரணம். ஊருக்கு விட்ட இடத்தில் கைகாட்டி என்று எழுதியிருந்தாள். ஜெயங்கொண்டம் ரோட்டிலிருந்து விக்கிரமங்கலத்துக்குப் பிரிகிற முக்கு அது. மாமா தினமும் அந்த முக்கைக் கடந்துதான் வீட்டுக்கு வரவேண்டும்.

"என்னாடி, பேய் அறைஞ்சவ மாதிரி நிக்கற?" என்றாள் ஆண்டாயி.

"ஒண்ணுமில்ல. மாமா வரேன்னுச்சு, இன்னும் காணும்."

முருகையன் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டினான். சுரங்கத்தில் கல்லை ஏற்றி, அரியலூர் சிமெண்ட் பாக்டரியில் கொட்டிவிட்டு, மதியம் காலி லாரியோடு வருவான். ஒவ்வொரு பரீட்சைக்கும் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, ஆரன் அடித்து, அக்கா மகளை ஏற்றிக்கொண்டுதான் ஊர் போவான். பெண்பிள்ளைக்குப் பத்தாவது எதற்கு என்று மலர்கொடியின் அப்பா ராசாங்கம் இழுத்தபோது, "படிக்கறத வுட்டுட்டு என்னா கிழிக்கப் போவுது, எழுதட்டும் மச்சான்" என்று ஒரே பேச்சில் வாயை அடைத்தவனும் அவன்தான். அவனுக்கு வைகாசியில் கல்யாணம். பெரம்பலூர் பக்கம் பாப்பாத்தி என்று பெண் பார்த்து, வெற்றிலை பாக்கும் மாற்றியாகிவிட்டது.

அன்றைக்கு மட்டும் அவன் வரவில்லை. பிள்ளைகள் போய்விட்டார்கள், வாத்தியார்கள் போய்விட்டார்கள், வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டுப் பீடி பற்றவைத்தார். ரோட்டில் ஒவ்வொரு லாரியாக வந்தது, எதிலும் மாமா இல்லை. கடைசியில் ஆண்டாயி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பஸ்ஸில் ஏற்றினாள். கைகாட்டி வந்தபோது மலர்கொடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பஸ் திரும்பி ஊர் ரோட்டில் இறங்கிய பிறகுதான் திறந்தாள். அந்த முக்கில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று அவளுக்குத் தெரியாது.

வீட்டில் அம்மா குஞ்சம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தம்பிக்குப் பிடிக்கும் என்று மாங்காய் வேறு போட்டிருந்தாள். ராசாங்கம் தா.பழூர் பக்கம் உளுந்து பிடுங்கப் போயிருந்ததால் வீட்டில் வேறு யாரும் இல்லை.

"எங்கடி மாமன்?"

"வரல."

"பரீட்ச எப்புடி எழுதுன?"

"நல்லாத்தான் எழுதுனேன்" என்றவள் அந்த வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் விம்மிவிட்டாள்.

குஞ்சம்மாள் பதறிப் போனாள். பேனா உடைஞ்சுதா, நேரம் பத்தலையா, எவனாவது ஏதாவது சொன்னானா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையாட்டினாள் மலர்கொடி. பிறகு, தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

குஞ்சம்மாள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் மலர்கொடிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாயால சொல்லியிருந்தாகூடக் காத்தோட போயிருக்கும். எழுதிட்டியேடி! அதுவும் கவுருமெண்டு பேப்பருல!"

"சாரு தெரிஞ்ச பேரா போடச் சொன்னாரும்மா."

"அதுக்கு? அவரு பேரு உனக்குத் தெரியாதா? அவரப் போட வேண்டியதுதான?"

"அவரு பேரு ரொம்ப நீளம்மா. எழுத வராது."

இப்படித்தான் சிவசுப்பிரமணியன் சார் உயிர் தப்பினார்.

"போயி கேட்டு அந்தப் பேர மட்டும் அழிச்சுட்டு வர முடியாதா?"

"கட்டி, அரக்கு வச்சு, சீல் போட்டுட்டாங்கம்மா. எந்த ஊருக்குப் போவுதுன்னே தெரியாது."

அரக்கு, சீல் என்றதும் குஞ்சம்மாளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சர்க்கார் ஒரு காகிதத்துக்கு அரக்கு வைத்துவிட்டால் அதில் இருப்பது நடந்தே தீரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. எந்த இடம் என்று எழுதினாய் என்று கேட்டாள். கைகாட்டி என்று பதில் வந்ததும் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விறுவிறுவென்று ரோட்டுக்கு நடந்தாள். மலர்கொடி பின்னாலேயே ஓடினாள்.

தாயும் மகளும் ரோட்டோரப் புளிய மரத்தடியில் போய் நின்றார்கள். சாயங்கால வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு டிராக்டர் போயிற்று, ரெண்டு மாட்டுவண்டி போயிற்று. அரியலூரிலிருந்து வரவேண்டிய பஸ் நேரம் தாண்டியும் வரவில்லை. மலர்கொடி ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்தாள். மனசுக்குள் அந்தச் செய்தி தானாக ஓடிக்கொண்டே இருந்தது. அவ்வளவு நன்றாக மனப்பாடம் செய்திருந்தாள், பாவம். நிறுத்த நினைத்தாலும் நிற்கவில்லை. மரணம் என்ற இடம் வரை போய்விட்டு மறுபடி முதல் வரிக்கே வந்தது.

சைக்கிளில் வெள்ளரிப் பிஞ்சு மூட்டையோடு அய்யம்பெருமாள் வந்தார். பக்கத்துத் தெருக்காரர். குஞ்சம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

"அண்ணே, கைகாட்டி வழியாவா வரீங்க? அங்க எதுனா ஆச்சா?"

"ஆமா, ஏதோ ஆயிப் போச்சு" என்றார் அவர், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு. "முக்குல பஸ்ஸு ஒருபக்கமா சாஞ்சு நிக்குது. பக்கத்துலயே ஒரு லாரி. ஒரே சனக்கூட்டம். நான் கெழக்குப் பக்கம் ஒத்தையடிப் பாதையா வந்ததால கிட்டப் போயிப் பாக்கல."

அவர் வெயில்பட்ட வெள்ளரிப் பிஞ்சைப் பற்றிய கவலையில் மேற்கொண்டு மிதித்துப் போய்விட்டார். சேதி சொல்பவர்களுக்குத் தாம் சொன்னது என்னவென்று எப்போது தெரிந்திருக்கிறது!

பஸ், லாரி, கைகாட்டி. மலர்கொடி எழுதியது எழுதியபடியே நடந்திருந்தது. தான்தான் கொன்றுவிட்டோம் என்று அவள் முழுசாக நம்பினாள். பத்து மார்க்குக்காக மாமாவைக் கொன்றுவிட்டோம். இனி பாசானால் என்ன, பெயிலானால் என்ன. அந்தப் பெரம்பலூர்ப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது. அம்மாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. குஞ்சம்மாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு கைகாட்டிப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள், நடை ஓட்டமாயிற்று.

ஏரிக்கரை திருப்பத்தில் எதிரே புழுதி கிளம்பியது. புழுதிக்குள்ளிருந்து ஆரன் சத்தம் வந்தது. இழுத்து இழுத்து மூன்று முறை அடிக்கிற அந்த ஆரனை ஊரில் நாய்க்கும் தெரியும். லாரி தள்ளாடித் தள்ளாடி வந்தது, பின்புறம் கல் ஏற்றும் பெட்டியில் ஒரு திருவிழாக் கூட்டமே நின்றுகொண்டிருந்தது. கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கூடைக்காரிகள், ஆட்டுக்குட்டியோடு ஒருவர், டிக்கெட் பையோடு கண்டக்டர்கூட இருந்தார். எல்லோருக்கும் தலையிலிருந்து கால்வரை வெள்ளைச் சுண்ணாம்புத் தூள் படிந்திருந்தது. முன்னால் ஸ்டியரிங்கில், எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு முருகையன்.

"என்னாக்கா, ரோட்டுல ஓட்டப்பந்தயமா?"

குஞ்சம்மாள் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, அவன் தலையைத் தடவினாள், தோளைத் தடவினாள், பிறகு தோளிலேயே ரெண்டு அறை வைத்தாள். மலர்கொடி ரோட்டில் நின்றபடியே வாய்விட்டு அழுதாள். பெட்டியில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, சீக்கிரம் வண்டிய எடுப்பா என்று சத்தம் போட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். பாக்டரியில் கல் உடைக்கிற மெஷின் நின்றுபோய், லாரிகள் மதியம் தாண்டியும் வரிசையில் கிடந்தன. முருகையன் லாரிக்கு அடியிலேயே துண்டை விரித்துத் தூங்கிவிட்டான். எழுந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது கேட் பூட்டிக் கிடந்தது. திரும்பும் வழியில் கைகாட்டி முக்கில் பஸ்ஸின் பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை முறிந்து, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வெயிலில் நின்ற அத்தனை பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு ஊராக இறக்கிவிட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கண்டக்டர் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் விசில் ஊதினாராம்.

வீட்டில் கை கழுவிவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தவனிடம் மலர்கொடி தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். முருகையன் புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தான்.

"என்னையவே போட்டுத் தள்ளிட்டியா! அடிப்பாவி, அதான் மத்தியானம் அப்புடி ஒரு தூக்கம் வந்துச்சா?"

குஞ்சம்மாள் சிரிக்கவில்லை. குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்துவிட்டுத் தம்பிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சிரிக்காதடா. செத்தன்னு சேதி போயிடுச்சு. அதக் கேட்டு அழுவறதுக்கு ஆளு வேணும்ல?"

"என்னாக்கா சொல்ற?"

"காக்கா தலையில தட்டிடுச்சுன்னா என்னா பண்றோம்? ஆளு பூட்டாருன்னு சொந்தக்காரங்களுக்குச் சேதி சொல்லி வுடறதில்ல? அவங்க அழுதுகிட்டு ஓடியாந்தாத்தான தோசம் கழியுது? அழுதப்புறந்தான உசுரோட இருக்காருன்னு சொல்றோம்? இவ சேதிய மட்டும் அனுப்பிட்டு வந்திருக்கா. அழுவ யாரு இருக்கா?"

அது அந்தப் பக்கத்து வழக்கந்தான். காகம் தலையில் தட்டிவிட்டால், பொய்ச் சாவுச் செய்தி அனுப்பி நாலு பேரை அழவைத்துவிட்டால், மெய்ச் சாவு ஏமாந்து திரும்பிவிடும் என்பது கணக்கு.

"பேப்பர் திருத்துற வாத்தியாரு அழுவாரு, வுடு" என்றான் முருகையன்.

"அவரு எதுக்குடா அழுவாரு? அவருக்கு நீ யாரு?"

கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூந்தலை அவிழ்த்துவிட்டாள். மார்பில் ஒரு தட்டு தட்டி, ராகம் போட்டு ஆரம்பித்துவிட்டாள்.

"கருவாட்டுக் கொழம்பு வச்சு காத்துக் கெடந்தேனே, என் தம்பி, கைகாட்டி முக்குலயே போயிட்டியே..."

முருகையன் கருவாட்டுத் துண்டைக் கடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். மலர்கொடிக்குக்கூட அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. அடுத்த வீட்டுக் காத்தாயி, தலையில் அடித்துக்கொண்டே ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள்.

"அய்யய்யோ, யாரடி குஞ்சு? யாரு பூட்டா?"

குஞ்சம்மாள் ராகத்தை நிறுத்தாமல் தம்பியைக் கைகாட்டினாள். காத்தாயி அவனைப் பார்த்தாள், அவன் வாயிலிருந்த கருவாட்டைப் பார்த்தாள். "அக்காவுக்கும் தம்பிக்கும் கழண்டுதான் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினாள்.

ஆனால் ராகம் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அது வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. கைகாட்டியும் லாரியும் போய், வேறு ஏதேதோ வந்தன. அம்மா செத்த அன்றைக்குத் தன் இடுப்பில் உட்கார்ந்து பால் கேட்ட மூன்று வயசுப் பிள்ளை வந்தது. அவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு விழித்துக் கிடந்த நாட்கள் வந்தன. புருஷன் வீட்டுக்குக் கிளம்பியபோது வண்டிக்குப் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடிவந்தவன் வந்தான். குஞ்சம்மாளுக்குக் குரல் உடைந்தது. ராகம் போய் வெறும் அழுகை மட்டும் மிஞ்சியது. பயந்து பயந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் சேர்ந்து வெளியே வந்தது. மலர்கொடி அம்மாவின் மடியில் கவிழ்ந்து தானும் அழுதாள்.

முருகையன் கையில் சோற்றுக் கவளத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது.

குஞ்சம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "போதும், தோசம் கழிஞ்சுடுச்சு" என்று கூந்தலை அள்ளி முடியப் போனாள்.

"இன்னுங் கொஞ்சம் அழுவுக்கா" என்றான் முருகையன். அவன் குரலும் சரியாக இல்லை. "நெசமா சாவறப்ப நீ அழுவறது எனக்கு எங்க கேக்கப் போவுது? இப்பவே கேட்டுக்கறேன்."

"வாயக் கழுவுடா மொதல்ல. வைகாசியில கல்யாணத்த வச்சுக்கிட்டுப் பேசற பேச்சப் பாரு" என்று அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். குட்டிய கையாலேயே இன்னும் ரெண்டு கரண்டி குழம்பு ஊற்றினாள். மகளுக்கும் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுத் தள்ளினாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மலர்கொடிக்கு அப்போதுதான் பசி என்ற ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது. அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். மாமா எதிரே உட்கார்ந்து மாங்காய்க் கொட்டையைச் சப்புகிற சத்தம் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"அடுத்தது என்னா பரீட்ச?" என்றான் முருகையன்.

"கணக்கு மாமா."

"நல்ல வேள. அதுல யாரும் சாவ மாட்டாங்கல்ல?"

மலர்கொடி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு யோசித்தாள். "ரெண்டு ரயிலு எதுருக்கெதுரா வரும் மாமா."

குஞ்சம்மாள் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. "மோதிக்குமாடி?"

"மோதாதும்மா. ஒண்ணையொண்ணு தாண்டிப் போயிடும்."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்மா. எத்தன நிமிசத்துல தாண்டும்னு மட்டுந்தான் கேப்பாங்க."

அதற்குப் பிறகுதான் குஞ்சம்மாள் தனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.